சூரியனுக்குப் பஞ்சாயத்து பேசியவர்

ஜக்கையன் ஜீப்பில் மலை ஏறினால் இரண்டு சீட்டுக்குக் காசு கொடுப்பார். ஒன்று அவருக்கு. மற்றது, பக்கத்தில் சாக்குக்குள் உட்கார்ந்திருக்கும் படிக்கல்லுக்கு. போடிமெட்டு ஜீப்பில் ஆள் மேல் ஆள் உட்கார்ந்து தோட்ட வேலைக்குப் போவார்கள். அந்த நெரிசலிலும் சாக்கின் மேல் யாரும் உட்காரக் கூடாது, காலும் வைக்கக் கூடாது.

"கல்லுக்கு என்னண்ணே, நோகவா போகுது?" என்று ஜீப் டிரைவர் சின்ராசு கேட்பான்.

"நோகாது. தேயும்" என்பார் ஜக்கையன்.

அவர் தராசு ரிப்பேர்காரர். மதுரையில் ஒரு தராசுப் பட்டறையில் வேலை கற்றுக்கொண்டு, லைசென்ஸ் வாங்கி, போடி பஜாரில் ஒரு ஆள் நின்றால் இன்னொரு ஆள் வெளியே நிற்க வேண்டிய அளவுக்கு ஒரு கடை வைத்திருந்தார். ஏலக்காய்க் கடைகளின் தராசுக்கும் மலைத் தோட்டங்களின் தராசுக்கும் அவர்தான் வைத்தியர். முள் சாய்ந்தால் நிமிர்த்துவார். தட்டு வளைந்தால் தட்டி நேராக்குவார். வருடா வருடம் அரசாங்க முத்திரைக்குத் தராசுகளைத் தயார் செய்து கொடுப்பார்.

இரும்புப் படிக்கல்லின் அடியில் ஒரு குழி இருக்கும். அதில் ஈயம் ஊற்றி, ஈயத்தின் மேல் முத்திரை குத்தியிருப்பார்கள். அந்த ஈயத்தை ஓரமாகக் கொஞ்சம் சுரண்டினால் கல் இளைத்துவிடும், முத்திரை அப்படியே இருக்கும். ஒரு கடைக்காரர் இதைச் செய்து தரச் சொல்லிக் கேட்டிருக்கிறார். "தராசுல கை வைப்பேன். கல்லுல கை வைக்க மாட்டேன்" என்றாராம் ஜக்கையன். அந்தக் கடைக்காரர் அதோடு அவரைக் கூப்பிடுவதை விட்டுவிட்டார். அந்தக் கடை இருக்கும் தெருவில் இருந்த மற்றவர்களும் ஏனோ விட்டுவிட்டார்கள். ஜக்கையன் இதைச் சொல்லும்போது பெருமையாகவும் சொல்ல மாட்டார், வருத்தமாகவும் சொல்ல மாட்டார். பஸ் நேரம் சொல்வதுபோலச் சொல்வார்.

ரிப்பேரைவிட அவருக்குப் பெயர் வாங்கிக் கொடுத்தது பஞ்சாயத்து. ஏலக்காய் ஒரே எடையில் நிற்கிற சரக்கு இல்லை. மேலே தோட்டத்து ஸ்டோரில் உலர்த்தி நிறுத்தால் ஒரு எடை. மூட்டை மஞ்சு மூட்டத்தில் கிடந்தால் ஈரக் காற்றைக் குடித்துக் கனக்கும். போடி வெயிலில் ஒரு பகல் கிடந்தால் இளைக்கும். ஆகவே மலைத் தராசு ஒன்று சொல்லும், பஜார் தராசு இன்னொன்று சொல்லும். தோட்டக்காரர் கடைக்காரரைப் பார்த்துக் கத்துவார். கடைக்காரர் தோட்டக்காரரின் அப்பாவிலிருந்து ஆரம்பிப்பார். ஜக்கையனுக்கு ஆள் போகும். அவர் வந்து படிக்கல்லை இரண்டு தராசிலும் வைத்துப் பார்ப்பார். இரண்டும் சரியாகவே இருக்கும். யாரும் ஏமாற்றவில்லை என்று தெரிந்த பிறகுதான் சண்டை பெரிதாகும். ஏமாற்றியவன் ஒருவன் இருந்தால் அவனை அடித்து முடித்துவிடலாம். இல்லாதபோது யாரை அடிப்பது?

"ரெண்டு பேரும் ஆளுக்குப் பாதி வாங்க" என்பார் ஜக்கையன். வித்தியாசத்தில் பாதியை இவர் விட்டுக்கொடுக்க வேண்டும், பாதியை அவர். ஒத்துக்கொண்டால் நடு எடையைச் சாக்கில் எழுதுவார். பிறகு இருவரும் அதே மூட்டையிலிருந்து ஆளுக்கு ஒரு காயை எடுத்து உடைத்து மெல்ல வேண்டும். மென்ற பிறகு அதைப் பற்றி யாரும் பேசக் கூடாது. இது எந்தச் சட்டத்திலும் கிடையாது. ஆனால் பஜாரில் மென்ற காயை மீறிப் பேசியவர்கள் இல்லை.

பிறகு எலக்ட்ரானிக் தராசு வந்தது. முதலில் வந்தவற்றை ஜக்கையன் ரிப்பேர் செய்தார். எந்தப் பொத்தானை எத்தனை நேரம் அழுத்தினால் உள்ளே இருக்கும் கணக்கு திறக்கும் என்று கற்றுக்கொண்டார். அடுத்து வந்தவை ரிப்பேர் செலவைவிட மலிவாக வந்தன. கெட்டால் தூக்கிப் போட்டுவிட்டுப் புதிது வாங்கினார்கள். ஜக்கையன் கடையைக் காலி செய்தார். இப்போது அங்கே செல்போன் உறை விற்கிறார்கள்.

அந்தச் சமயத்தில்தான் குரங்கணி சாலைக்கு மேலே ஒரு பாறை மேட்டில் சூரிய அளவீட்டு நிலையம் வந்தது. வெளியூர் ஆராய்ச்சி நிறுவனம் ஒன்று வைத்தது. அதன் தொழில்நுட்ப உதவியாளன் நான். இயற்பியலில் முதுகலை. எங்கள் குடும்பத்தில் பட்டம் வாங்கிய முதல் ஆள். இந்தக் கதைக்கு இது தேவையில்லைதான், இருந்தாலும் சொல்லிவைக்கிறேன். எங்கள் அம்மா பஸ்சில் பக்கத்துச் சீட்டுக்காரர்களிடம், "மகன் வெயில் ஆபீசுல இருக்கான்" என்று சொல்வார். யாரும் மேற்கொண்டு கேள்வி கேட்டதில்லை என்பது அவருக்குத் திருப்தி.

வேலி போடும்போது மட்டும் ஊர்க்காரர்கள் வந்து கேள்வி கேட்டார்கள். "பொட்டிபுரத்துல ஆராய்ச்சிக்குன்னு மலையத் தோண்டப் போறோம்னு வந்தாகளே, அவுகளா நீங்க?"

"இல்லண்ணே. நாங்க தோண்டல. மேலதான் பாக்குறோம்."

"மேல பாக்குறதுக்கு எதுக்குக் கம்பிவேலி?"

இதை நிறுவனத்தின் தலைமை நிலையத்துக்கு எழுதிக் கேட்டேன். வேலி மட்டும் போட்டார்கள்.

காவலுக்கும், தினமும் கருவிகளின் கண்ணாடியைத் துடைப்பதற்கும் ஒரு ஆள் தேவைப்பட்டது. ஜக்கையன் வந்தார். சேர்ந்த முதல் நாளே என்னைக் கேட்டார்.

"எதத்தான் தம்பி நிறுக்குறீக இங்க?"

"வெயிலண்ணே."

"எதுல வச்சு?"

நான் காட்டினேன். சூரியன் போகிற பக்கமெல்லாம் தானாகத் திரும்பும் ஒரு மேடை. அதன் மேல் ஒரு குழாய். குழாய் சூரியனை மட்டும் பார்க்கும், பக்கத்து வானத்தைப் பார்க்காது. அடியில் ஒரு கறுப்புத் தட்டு. வெயில் விழுந்தால் தட்டு சுடும். சுட்டால் துளி மின்சாரம் பிறக்கும். அதை ஒரு எண்ணால் பெருக்கினால் ஒரு சதுர மீட்டருக்கு இத்தனை வாட்டு வெயில் என்று பெட்டித் திரையில் வரும். அந்தப் பெருக்கல் எண் சரியாக இருந்தால்தான் எல்லாம் சரி.

"வர்ற வெயில் மொத்தமும் இதுக்குள்ள வருதா?"

"இல்லண்ணே. வழியில காத்து கொஞ்சம் எடுத்துக்கிரும். காலையில சூரியன் சாஞ்சு இருக்கும்போது நெறையக் காத்தத் தாண்டி வரணும், வெயில் கொறைச்சலா வரும். ஏற ஏறக் காத்து கம்மி, வெயில் கூடும். எவ்வளவு காத்துக்கு எவ்வளவு கொறையுதுன்னு கோடு போட்டுப் பாத்தா, காத்தே இல்லாட்டி எவ்வளவு வந்திருக்கும்னு சொல்லிரலாம். அத வச்சு சூரியன் மொத்தமா எவ்வளவு அனுப்புதுன்னு கணக்கு. செயற்கைக்கோள் இதவிட நல்லா அளக்கும். நாம கீழ வந்து சேர்றத அளக்குறோம்."

"ஓ. காத்து தரகு எடுக்குது" என்றார் ஜக்கையன். அதற்கு மேல் நான் விளக்க வேண்டியிருக்கவில்லை.

பக்கத்தில் ஒரு சின்னத் தொலைநோக்கி. அது சூரியனின் உருவத்தை ஒரு வெள்ளை அட்டையில் சாப்பாட்டுத் தட்டு அளவுக்கு விழவைக்கும். அதில் கறுப்புப் புள்ளிகள் தெரியும். நாங்கள் அவற்றை எண்ணுவோம். "அம்மை வெளையாடுன மூஞ்சி" என்றார் ஜக்கையன். புள்ளிகள் பதினோரு வருடத்துக்கு ஒரு முறை கூடிக் குறையும் என்றும், அப்போதும் சூரியன் அனுப்பும் மொத்தத்தில் ஆயிரத்தில் ஒரு பங்குதான் முன்னே பின்னே ஆகும் என்றும் சொன்னேன்.

"ஆயிரத்துக்கு ஒண்ணா?" என்று அட்டையையே பார்த்தார். "போடியில அப்பிடி ஒரு யாவாரி கெடையாது தம்பி."

அதிலிருந்து அவர் சூரியனை மரியாதையாகத்தான் பேசினார். மேகம் மறைத்தால், "அவரு இன்னைக்கு லீவு" என்பார்.

நிலையம் சோதனைக்காக இரண்டு வருடம் நடந்தது. முடியும்போது தலைமை நிலையத்திலிருந்து ஒரு கருவி வரும், அதையும் எங்கள் குழாயையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து ஒப்பிடுவார்கள், அதில் தேறினால் நிலையம் நிரந்தரம், தேறாவிட்டால் எல்லாவற்றையும் கழற்றி வேறு மாவட்டத்துக்குக் கொண்டுபோவார்கள் என்று உத்தரவு வந்தது. எனக்கு மாற்றல் கிடைக்கும். ஜக்கையனுக்கு மாற்றல் என்று எதுவும் கிடையாது. அவருக்குத் திரும்பிப் போகக் கடையும் இல்லை.

அவர் மனைவி மூக்கம்மாள் பஜாரில் ஏலக்காய் பொறுக்கித் தரம் பிரிக்கும் வேலைக்குப் போகிறவர். ஒரு நாள் சாப்பாடு கொண்டுவந்தபோது விஷயத்தைக் கேட்டுவிட்டு, "தராசுக் கடைய மூடிட்டு வெயிலு ஆபீசுக்கு வந்தீக. இதையும் மூடுனா எங்குட்டுப் போவீக? நெழலு ஆபீசு ஏதும் இருக்காய்யா?" என்றார்.

"நம்மது நல்ல குழாய். தேறிரும்" என்றார் ஜக்கையன்.

"குழாயி தேறும். நீங்க தேறணும்ல" என்று தூக்குவாளியை மூடினார் மூக்கம்மாள்.

மாசி மாதம், வானம் தெளிவாக இருக்கும் நாளாகப் பார்த்து, தலைமை நிலையத்திலிருந்து விஞ்ஞானி முத்துப்பிரியா வந்தார். திருமங்கலத்துக்காரர். அவர் அப்பா அங்கே மளிகைக் கடை வைத்திருந்தவராம். போடி ரயில் நிலையத்திலிருந்து சின்ராசுவின் ஜீப்பில் வந்து இறங்கினார். கூடவே ஒரு மரப்பெட்டி. சின்ராசு இறங்கியதும் முதலில் ஜக்கையனிடம்தான் சொன்னான்.

"அண்ணே, உங்களுக்கு அடுத்தபடியா இந்த மேடம்தான். பொட்டிக்கும் ஒரு சீட்டுக் காசு குடுத்துட்டாக."

"மடியில வச்சா ஆடுமுங்க" என்றார் முத்துப்பிரியா. ஜக்கையன் பெட்டியைப் பார்த்தார், முத்துப்பிரியாவைப் பார்த்தார், தலையை ஆட்டிக்கொண்டார். பிறகு அதை மறந்துவிட்டார். பின்னால் அவர் மிகவும் வருந்தியது இந்த மறதிக்குத்தான்.

மறுநாள் காலை இரண்டு குழாய்களும் மேடையில் பக்கத்தில் பக்கத்தில் சூரியனைப் பார்த்து நின்றன. முத்துப்பிரியா தன் பெட்டித் திரையைப் பார்த்து எண்ணைச் சொல்வார், நான் எங்கள் திரையைப் பார்த்துச் சொல்வேன்.

"எங்களுது தொள்ளாயிரத்துப் பன்னெண்டு" என்றார் முத்துப்பிரியா.

"எங்களுது எண்ணூத்தித் தொண்ணூத்தாறு."

காலை முழுவதும் இப்படியே போனது. சூரியன் ஏற ஏற இரண்டு எண்களும் ஏறின. இடைவெளி மட்டும் விடாமல் கூடவே வந்தது. ஜக்கையன் கையில் துணியோடு பின்னால் நின்று கேட்டுக்கொண்டிருந்தார்.

"மேடம், ரெண்டும் நல்ல கருவிதானா?"

"ரெண்டுமே நல்ல கருவிதாண்ணே."

"யாருதுலயும் பழுது இல்ல?"

"பெருசா ஒண்ணும் இருக்காது."

"அப்பறம் ஏன் வேற வேற சொல்லுது?"

"அதத்தான் பேசித் தீக்கணும்" என்று சிரித்தார் முத்துப்பிரியா.

இந்தக் கடைசி வார்த்தையை அவர் சொல்லாமல் இருந்திருக்கலாம். ஆனால் சொல்லிவிட்டார்.

மதியம் மேகம் வந்தது. முத்துப்பிரியாவும் நானும் சாப்பிடக் குரங்கணிக்குப் போனோம். ஜக்கையன் காவலுக்கு இருந்தார். பெட்டிகளுக்குக் கடவுச்சொல் கிடையாது. கம்பிவேலியும் ஜக்கையனும் போதும் என்று தலைமை நிலையம் கருதியிருந்தது.

இரண்டாம் நாள் காலை.

"எங்களுது தொள்ளாயிரத்து ஏழு" என்றார் முத்துப்பிரியா.

"எங்களுதும் தொள்ளாயிரத்து ஏழு" என்றேன் நான்.

"தொள்ளாயிரத்துப் பத்து."

"தொள்ளாயிரத்துப் பத்து."

எனக்கு உள்ளுக்குள் சந்தோஷம். குழாய்க்குள் எங்கோ இருந்த ஈரம் காய்ந்திருக்கும் என்று ஒரு காரணமும் கண்டுபிடித்துவிட்டேன். முதுகலை படித்தால் காரணம் சீக்கிரம் கிடைக்கும். முத்துப்பிரியாவின் முகம் மட்டும் சுருங்கிக்கொண்டே போனது.

"கார்முகில், இது நடக்காது" என்றார் என்னிடம். "ஒரே கம்பெனி ஒரே நாள்ல செஞ்ச ரெண்டு குழாய்கூட இவ்வளவு ஒத்துப் போகாது."

தன் பெட்டியின் பக்கவாட்டு மூடியைத் திறந்தார். பொத்தான்களுக்குப் பக்கத்தில் இரண்டு ஏலக்காய்த் தொலி கிடந்தது. ஒன்றை எடுத்து வெளிச்சத்தில் பிடித்தார்.

"இங்க ஏலக்கா தின்னது யாரு?"

போடியில் இப்படி ஒரு கேள்வியை யாரும் கேட்டதில்லை.

"நாந்தேன் மேடம்" என்றார் ஜக்கையன். "ரெண்டு காயி. ஆளுக்கு ஒண்ணு மெல்லணும்ல. அதுகளுக்கு வாயி இல்ல, அதான் ரெண்டையும் நானே மென்டுட்டேன்."

"எதுகளுக்கு?"

"ரெண்டு குழாய்க்கும். பேசி முடிச்சாச்சுல்ல." அவர் குரலில் ஒரு வேலையை ஒழுங்காக முடித்தவனின் நிதானம் இருந்தது. "நேத்து பதினாறு இடிச்சுச்சு. ஆளுக்கு எட்டு. நாம எட்டு ஏறி வந்துட்டோம், நீங்க எட்டு எறங்கி வந்துட்டீக. சாக்கு இருந்தா சாக்குல எழுதியிருப்பேன். இல்லைங்கவும் பொட்டிக்குள்ளயே எழுதிட்டேன். எலக்ட்ரானிக் தராசு மாதிரிதேன் இருக்கு. இனி யாரும் இதப் பத்திப் பேசக் கூடாது."

முத்துப்பிரியா பாறையில் உட்கார்ந்துவிட்டார்.

"அண்ணே, என்னோடது எறங்காது."

"மொதல்ல எல்லாரும் அப்பிடித்தேன் சொல்லுவாக."

"இல்லண்ணே, கேளுங்க." அவர் கோபப்படவில்லை. கோபப்பட்டிருந்தால் ஜக்கையனுக்குப் பழக்கமாக இருந்திருக்கும். "சுவிட்சர்லாந்துல ஒரு மலை ஊர் இருக்கு. அஞ்சு வருஷத்துக்கு ஒரு தடவை பல நாட்டுலருந்து இந்த மாதிரிக் கருவிகளக் கொண்டுபோய் வரிசையா சூரியனப் பாத்து வச்சுச் சரிபாப்பாங்க. இது அங்க போய் வந்தது. நம்ம நாட்டுல எங்க வெயில் அளந்தாலும் இப்படி ஒண்ணோடதான் ஒப்பிடணும். எங்க அப்பா கடையில நின்னு வளந்தவ நான், அதனால உங்களுக்குப் புரியுற மாதிரிச் சொல்றேன். உங்களோடது தராசு. என்னோடது படிக்கல்லு."

ஜக்கையன் கையிலிருந்த துணியை மடித்தார். மடித்ததை மறுபடி மடித்தார். அதற்கு மேல் மடிக்க முடியாமல் போனதும் பாறையில் வைத்தார்.

"ரெண்டு சீட்டு எடுத்தப்பவே எனக்கு வெளங்கியிருக்கணும்" என்றார்.

கீழே சாலையில் ஒரு ஜீப் குரங்கணிக்கு ஏறிப் போனது. பிறகு முத்துப்பிரியா எழுந்தார். இது ஒன்றும் பெரிய விஷயமில்லை என்றார். மாறியது பெருக்கல் எண் மட்டும்தான், கருவியை யாரும் தொடவில்லை, சரியான எண் பெட்டியோடு வந்த சான்றிதழில் இருக்கிறது, திரும்பப் போட்டால் முடிந்தது.

"அறிக்கையில இத எழுதணுமான்னுகூட யோசிக்கிறேன்" என்றார் என்னைப் பார்த்து.

"எழுத வேணாம் மேடம்" என்றேன் நான், கேட்கும் முன்பே.

"எழுதணும்" என்றார் ஜக்கையன்.

"அண்ணே, சும்மா இருங்க. இத எழுதுனா நெலையத்தத் தூக்கிருவாக. உங்க சோலிதான் போகும். எனக்கு வேற ஊருல குடுத்துருவாக."

"போகட்டும் தம்பி. கை பட்ட கல்லு மறுபடி முத்திரை வாங்காமச் சந்தைக்கு வரக் கூடாது. நம்ம கல்லா இருந்தாலும் அதான், சீமைக் கல்லா இருந்தாலும் அதான்." பிறகு முத்துப்பிரியாவிடம், "முப்பது வருசமா யாரு கல்லுலயும் கை வைக்கல மேடம். வச்சதும் வச்சேன், நாட்டுக்கே ஒண்ணா இருக்குற கல்லுல போயி வச்சிருக்கேன். இதுக்கு முத்திரை போடுற ஆபீசு எங்க இருக்கு? நானே சொமந்து கொண்டாந்து குடுக்குறேன்" என்றார்.

முத்துப்பிரியா தன் குழாயைத் தொட்டுக் காட்டினார். "இதுக்குள்ளயே இருக்குண்ணே" என்றார். "இங்க வாங்க."

தன் குழாயின் வாய் மூடியைச் சாத்தினார். உள்ளே வெயில் போகாது. குழாய்க்குள் கறுப்புப் பூசிய ஒரு குழிவு இருக்கிறது, அதை வெயிலும் சுடவைக்கலாம், மின்சாரமும் சுடவைக்கலாம் என்று சொன்னார். எவ்வளவு மின்சாரம் கொடுக்கிறோம் என்பது துல்லியமாகத் தெரியும். ஒரு தட்டில் வெயில், மறு தட்டில் கரண்டு. இரண்டும் ஒரே சூடு காட்டினால் கல் சரி.

"இப்ப தொள்ளாயிரத்துக்குச் சமமா கரண்டு குடுக்குறேன். நீங்க போட்ட எண்ணு அப்படியே இருக்கு. பாருங்க."

திரையில் எண் மெதுவாக ஏறி நின்றது. எண்ணூற்றுத் தொண்ணூற்று இரண்டு.

"அந்த எட்டு நாந்தேன்" என்றார் ஜக்கையன்.

முத்துப்பிரியா சான்றிதழைப் பார்த்துப் பழைய எண்ணைப் போட்டார். திரை தொள்ளாயிரத்தில் வந்து நின்றது. ஜக்கையன் மறுபடி செய்யச் சொன்னார். செய்தார். கொஞ்சம் குறைத்துக் கரண்டு கொடுத்துப் பார்க்கச் சொன்னார், கூட்டிக் கொடுத்துப் பார்க்கச் சொன்னார். தராசைச் சோதிக்கும்போது கல்லை நடுவில் வைத்தும் ஓரத்தில் வைத்தும் பார்ப்பது அவர் வழக்கம். முத்துப்பிரியா முகம் சுளிக்காமல் எல்லாவற்றையும் செய்தார். கடைசியில் ஜக்கையன், "சரி" என்றார். எங்கள் பெட்டியில் ஏற்றியிருந்த எட்டையும் நான் எடுத்துப் பழைய எண்ணைப் போட்டேன்.

"அறிக்கையில எழுதிர்றேண்ணே" என்றார் முத்துப்பிரியா. "எழுதுனா, இடையில எண்ணு மாறின ஒப்பீட்டைக் கணக்குல எடுக்க முடியாது. முதல்லருந்து ஒரு காலை வேணும்."

அவருக்கு அன்று மாலை ரயில். அதை விட்டால் அடுத்த ரயிலுக்குக் காத்திருக்க வேண்டும். டிக்கெட்டை ரத்து செய்தார்.

மறுநாள் காலை மலைக்கு அந்தப் பக்கம் கேரளாவிலிருந்து மஞ்சு ஏறி வந்து முகட்டில் உட்கார்ந்துகொண்டது. இரண்டு குழாய்களும் வெறும் வெள்ளையைப் பார்த்து நின்றன. ஜக்கையன் இரண்டு கண்ணாடிகளையும் துடைத்தார். பனி படிந்தது. மறுபடி துடைத்தார். மூக்கம்மாள் வேலைக்குப் போகும் முன் இட்லி கொண்டுவந்து கொடுத்துவிட்டு, யாரும் பேசாமல் நிற்பதைப் பார்த்தார்.

"எழவு வீடா இது?" என்று என்னிடம் கேட்டார்.

"வெயிலுக்குக் காத்திருக்கோம் மதினி."

"வெயிலுக்கா? போடியில நின்டுக்கிட்டு வெயிலுக்குக் காத்திருக்குற ஆளுகள இன்னைக்குத்தேன் பாக்குறேன்" என்று போய்விட்டார்.

இட்லி ஆறிய பிறகு மஞ்சு விலகியது. சரசரவென்று விலகவில்லை. வேண்டாத விருந்தாளி எழுந்து போவதுபோல, வாசல் வரை போய்த் திரும்பி வந்து, மறுபடி போனது. வானம் சுத்தமானதும் முத்துப்பிரியா ஆரம்பித்தார்.

"படிக்கல்லு தொள்ளாயிரத்து மூணு."

"தராசு எண்ணூத்தி எண்பத்தேழு" என்றேன்.

மேகம் திரும்பும்வரை எண்கள் எடுத்தோம். போதுமான அளவுக்குக் கிடைத்தது. முத்துப்பிரியா கணினியில் கணக்குப் போட்டுவிட்டுச் சொன்னார். எங்கள் குழாய் உழைக்கிறது, ஆனால் நூற்றுக்கு இரண்டுக்குக் கொஞ்சம் குறைவாகத் தாழ்த்திக் காட்டுகிறது. முன்பக்கக் கண்ணாடி வெயிலில் மங்கியிருக்கலாம். பெருக்கல் எண்ணை மாற்றினால் சரியாகிவிடும்.

"எவ்வளவு ஏறணும்?" என்று கேட்டார் ஜக்கையன்.

"முழுசும்ணே. பதினாறும் நீங்கதான் ஏறணும்."

"பாதி கெடையாது."

"கெடையாது."

ஜக்கையன் தலையாட்டினார். பிறகு அவர் முகம் மாறியது. "அப்ப இவ்வளவு நாளும் அவருக்கு எடை கொறச்சுப் போட்டிருக்கமா?"

"யாருக்கு?"

ஜக்கையன் மேலே கையைக் காட்டினார்.

"கொஞ்சம் கொறச்சுத்தான் போட்டிருக்கீங்க" என்றார் முத்துப்பிரியா. "பழைய பதிவு எல்லாத்தையும் கம்ப்யூட்டர்ல திருத்திருவோம்."

"அவரு ஒரு வார்த்த கேக்கலையே" என்றார் ஜக்கையன்.

அன்று மாலை முத்துப்பிரியா ஜீப்பில் ஏறினார். பெட்டியையும் பக்கத்துச் சீட்டில் ஏற்றினார். இந்த முறை அதை ஜக்கையன்தான் தூக்கி வைத்தார். வைத்துவிட்டு, ஆடாமல் இருக்கத் தன் துண்டை அடியில் கொடுத்தார்.

"எல்லாத்தையும் எழுதியிருக்கேண்ணே."

"எம் பேரப் போட்டீகளா?"

"போட்டிருக்கேன்."

ஜக்கையன் சட்டைப் பையிலிருந்து ஒரு ஏலக்காயை எடுத்து நீட்டினார். முத்துப்பிரியா உடனே வாங்கவில்லை.

"இது எந்தப் பஞ்சாயத்துக்கு?"

"பஞ்சாயத்து இல்ல ஆத்தா. ஜீப்பு கொலுக்கும், வாந்தி வராம இருக்கும்."

வாங்கி மென்றார். சின்ராசு வண்டியை எடுத்தான்.

பிறகு நாங்கள் காத்திருந்தோம். ஜக்கையன் தினமும் வந்து கண்ணாடியைத் துடைத்தார். வேலை போகப் போகிறவரைப் போலத் துடைக்கவில்லை, இருக்கப் போகிறவரைப் போலவும் துடைக்கவில்லை. ஒரு ஞாயிற்றுக்கிழமை பஜாரில் தன் பழைய கடைக்குப் போய், செல்போன் உறைக்காரரிடம் எப்போது காலி செய்வார் என்று விசாரித்ததாக மூக்கம்மாள் என்னிடம் சொன்னார். அவர் காலி செய்கிற உத்தேசத்தில் இல்லையாம்.

பங்குனியில் உத்தரவு கணினியில் வந்தது. நான் சத்தமாகப் படித்தேன், ஜக்கையன் கைகட்டி நின்று கேட்டார். கருவியில் நடந்த தலையீடு மறைக்கப்படாமல், செய்தவர் பெயரோடு முழுமையாகத் தெரிவிக்கப்பட்டிருப்பதால், இந்த நிலையத்தின் பதிவுகளை நம்பலாம் என்று குழு கருதுகிறது. நிலையம் நிரந்தரமாகத் தொடரும். காவலாளர் பணியில் தொடரலாம். பெட்டிகளுக்குக் கடவுச்சொல் வைக்க வேண்டும். வேலிக்குள் ஏலக்காய் அனுமதிக்கப்படாது.

"கடைசி வரிய இன்னொருக்கப் படி தம்பி."

படித்தேன்.

"நியாயந்தேன்" என்றார்.

மறுநாள் ஒரு தகரத்தில் வெள்ளை அடித்து, கறுப்பு மையில் அவரே எழுதி, வேலி வாசலில் கம்பி போட்டுக் கட்டினார்: 'உள்ளே ஏலக்காய் கொண்டு வரக் கூடாது.' கட்டி முடித்துத் தள்ளி நின்று, பலகை சாய்ந்திருக்கிறதா என்று ஒரு கண்ணை மூடிப் பார்த்தார். கொஞ்சம் சாய்ந்திருந்தது. நேராக்கினார்.

குரங்கணிக்குத் தோட்ட ஆட்களை ஏற்றிப்போன சின்ராசு வண்டியை நிறுத்தி எட்டிப் பார்த்தான். ஜீப்பில் இருந்தவர்கள் ஒருவருக்கொருவர் படித்துக்காட்டிச் சிரித்தார்கள்.

"அண்ணே, போடி மண்ணுல ஏலக்கா கூடாதுன்னு போர்டு வச்ச மொத ஆளு நீங்கதேன்."

"ஆபீசு உத்தரவு."

"அப்ப பையில என்ன?"

ஜக்கையன் சட்டைப் பையைத் தடவிப் பார்த்தார். வேலியைத் தாண்டிச் சாலைக்கு வந்து, பையில் இருந்த காயை எல்லாம் சின்ராசுவின் உள்ளங்கையில் கொட்டினார். பையை வெளியே இழுத்து உதறினார். ஒரு விதை விழுந்தது, அதையும் எடுத்துக் கொடுத்தார். பிறகு தண்ணீர்க் குழாயில் கையைக் கழுவிக்கொண்டு கண்ணாடி துடைக்க உள்ளே போனார்.